பாலத்துக்குப் பேர் எழுத வந்தவர்

அந்த ஆண்டு எங்கள் ரப்பர் தோட்டத்தில் எந்தப் பிள்ளையும் தனியாக ஒன்றுக்குப் போனதில்லை. இரண்டு பேர் உட்கார்ந்தால் மூன்றாவது ஆள் சாலையைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். சிரிக்காதீர்கள். உங்களில் பாதிப்பேர் இதே ஜொகூரில் ஏதோ ஒரு லயத்து வரிசை வீட்டில் பிறந்தவர்கள்தான். அந்தப் பயம் உங்களுக்கும் இருந்தது என்று எனக்குத் தெரியும். இப்போது மகன் காரில் ஏறி, அதே பாலத்தைக் கடந்து சிங்கப்பூருக்குப் போய், மீன்தலைக் கறி தின்றுவிட்டு வருகிறீர்கள். நானும் போகிறேன். பாலத்தில் கார் ஏறியதும் கண்ணை மூடிக்கொள்வேன். என்னம்மா என்று மகன் கேட்டால் வெயில் என்று சொல்லிவிடுவேன்.

சிங்கப்பூருக்குக் கடலில் கல்லைக் கொட்டிப் பாலம் போட்டுக்கொண்டிருந்த காலம் அது. எங்கள் தோட்டம் கூலாய்க்கு உள்ளே தள்ளி இருந்தது. ரயில் பாதையிலிருந்து செம்மண் சாலையில் ஒரு மணி நேரம் நடக்க வேண்டும். கப்பலில் வந்த பெரியவர்களைத் தவிர எங்களில் யாரும் கடலைப் பார்த்ததில்லை. அப்பா தம்போய்ப் பக்கம் சாலை வேலைக்குப் போயிருந்தார். மாதம் ஒருமுறை வரும்போது அவர் கொண்டுவருவதுதான் எங்களுக்குச் செய்தி. எவ்வளவு கல் கொட்டினாலும் கடல் விழுங்கிவிடுகிறதாம். பிள்ளைகளின் தலையை அடியில் வைத்தால்தான் நிற்குமாம். தலைக்காகச் சாக்கோடு ஆள் அலைகிறதாம். அப்பா சிரித்துக்கொண்டுதான் சொன்னார். சொல்லி முடித்ததும் என் கழுத்தை ஒரு தரம் தடவிப் பார்த்துக்கொண்டார்.

அவர் சிரித்ததை நான் மறந்துவிட்டேன். தடவியதை மறக்கவில்லை. எனக்கு அப்போது ஒன்பது வயதிருக்கும். பகலில்தான் பயம் அதிகம். பெரியவர்கள் எல்லாம் பால் வெட்டப் போய்விடுவார்கள். லயத்தில் பிள்ளைகளும் கோழிகளும்தான் இருப்போம். மரத்தில் உறைந்த ஒட்டுப்பாலின் நாற்றம் காற்றில் வந்துகொண்டே இருக்கும். சாலையில் யாராவது சாக்கோடு வந்தால், அது பக்கத்துக் கம்பத்து ஊரிலிருந்து மரவள்ளிக் கிழங்கு கொண்டுவரும் மலாய்க்காரராக இருந்தாலும் சரி, லயத்துக்கு அடியில் புகுந்துகொள்வோம். எங்கள் லயம் கட்டைமேல் நின்றது. அடியில் ஈரமண்ணில் குப்புறப் படுத்து, வாயைக் கையால் பொத்திக்கொண்டு, கால்கள் கடந்துபோவதைப் பார்த்துக்கொண்டிருப்போம்.

என் பக்கத்தில் எப்போதும் படுப்பவள் ஆயாக்கொட்டாய்ப் பெண். தாய்மார் வேலைக்குப் போகும்போது கைக்குழந்தைகளை விட்டுப்போகும் கொட்டகை அது. அங்கே குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாவோடு அவள் இருந்தாள். அவளுடைய அம்மா கப்பலிலிருந்து இறங்கிய சில நாளில் இறந்துபோனாள். அப்பா யாரென்று யாருக்கும் தெரியாது. என்னைவிட ஒரு வயது மூத்தவள். மண்ணில் படுத்திருக்கும்போது என் கையைப் பிடித்துக்கொள்வாள். அவள் கை எப்போதும் சூடாக இருக்கும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் எங்கள் பெரியவர்களை முட்டாள்கள் என்று நினைப்பீர்கள். தினமும் விடியும் முன்னே, ஆள் எண்ணும் பெரட்டுக் களத்தில் எல்லாரும் வரிசையில் நிற்க வேண்டும். கணக்கெழுதும் கிராணி பெரிய புத்தகத்தைப் பார்த்துப் பேரைக் கூப்பிடுவார். பேர் விழுந்தால்தான் அன்றைக்குக் கூலி. விழாவிட்டால் உடம்போடு எதிரே நின்றாலும் நீ வரவில்லை என்றுதான் கணக்கு. ஊரில் கப்பலேற்றும்போதும் பேரைத்தான் முதலில் எழுதினார்கள். எழுதிய பிறகு ஆள் அவர்கள் சொன்ன இடத்துக்குப் போயே ஆகவேண்டும். எங்கள் ஆட்களில் எழுத்து தெரிந்தவர் ஒருவருமில்லை. புலிக்குப் பயந்ததைவிடப் புத்தகத்துக்குப் பயந்தார்கள்.

முதலில் வந்தவர் வளையல்காரர். கண்ணாடி வளையல்களைக் கயிற்றில் கோத்துத் தோளில் தொங்கவிட்டிருந்தார். கையில் சாக்கு இல்லை. அதனால் நான் ஓடவில்லை. பாருங்கள், எங்களுக்குத் தெரிந்த அடையாளம் அது ஒன்றுதான். பெரியவர்கள் யாரும் இல்லாத காலை நேரம். நான் கிணற்றடியில் தனியாகப் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தேன்.

"பாப்பா, இந்த லயத்துல எத்தனை பிள்ளைங்க? பேரச் சொல்லு. அடுத்த தடவ வரும்போது அளவா கொண்டாரேன்" என்றார்.

"ஆம்பளப் பிள்ளைங்களுக்கு?"

"சின்னப் பயலுங்களுக்குக் கருவளையல் இருக்கே. கண்ணு படாம இருக்கும்."

எனக்குப் பெருமை தாங்கவில்லை. பெரட்டில் கிராணி கூப்பிடுவாரே, அதே குரலில், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, கங்காணி வீட்டிலிருந்து தொடங்கி வரிசையாகச் சொன்னேன். எங்கள் வீடு வந்தபோது என் பேரையும் தம்பியின் பேரையும் சேர்த்துச் சொன்னேன். தம்பி முந்தின மழைக்காலத்திலேயே செத்துப்போயிருந்தான். ஆனாலும் எங்கள் இரண்டு பேரும் சேர்ந்துதான் என் வாயில் வரும். அவனை மட்டும் விட்டுவிட மனசு வரவில்லை.

கடைசியாக ஆயாக்கொட்டாய்ப் பெண்ணின் பேரைச் சொன்னேன். "அவளுக்கு வாங்கித் தர யாருமில்ல. அம்மாவும் இல்ல, அப்பாவும் இல்ல. நீங்க சும்மா ஒண்ணு குடுங்க" என்றும் சொன்னேன். இரக்கப்பட்டுத்தான் சொன்னேன், சத்தியமாக. வளையல்காரர் பென்சிலை நாக்கில் தொட்டு எழுதிக்கொண்டார்.

"யாருமே இல்லியா?" என்று ஒருமுறை திருப்பிக் கேட்டார். இல்லை என்று தலையாட்டினேன்.

சில வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தொப்பிக்காரர் வந்தார். காக்கிச் சட்டை, காலில் பூட்ஸ், கக்கத்தில் கறுப்பு அட்டை போட்ட தடிமனான புத்தகம். அன்றைக்குத் துரையும் கிராணியும் தோட்டத்தில் இல்லை. அதைத் தெரிந்துகொண்டுதான் வந்திருக்கிறார் என்பது இப்போது புரிகிறது. கங்காணியிடம் தண்ணீர் வாங்கிக் குடித்தார். பிறகு எல்லாரையும் கூப்பிடச் சொன்னார்.

"நான் பாலத்து ஆபீஸ்ல எழுதுற ஆளு. நானும் தமிழன்தான், எனக்கும் பிள்ளைங்க இருக்கு. வயிறு எரியுது, அதான் வேலை போனாலும் போவட்டும்னு வந்தேன். உங்க பிள்ளைங்க பேரு இதுல விழுந்திருக்கு" என்றார்.

புத்தகத்தைப் பிரித்துப் படிக்கத் தொடங்கினார். கங்காணி வீட்டுப் பிள்ளைகள் முதலில். அடுத்த வீடு. அதற்கடுத்த வீடு. ஒவ்வொரு பேர் வரும்போதும் ஒரு பெண் அலறிக்கொண்டு தன் பிள்ளையை இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள். முன்பின் பார்க்காத ஆள் நம் பிள்ளையின் பேரைச் சொன்னால், அதுவும் புத்தகத்தைப் பார்த்துச் சொன்னால், நீங்களாக இருந்தால் என்ன நினைத்திருப்பீர்கள்?

கிணற்றடியில் நான் எந்த வரிசையில் சொன்னேனோ அதே வரிசை. வளையல்காரர் நம் பேரைக் கொண்டுபோய்ப் பாலத்தில் கொடுத்துவிட்டார், எல்லாருடைய தலையையும் நான்தான் கொடுத்தேன் என்றுதான் எனக்குப் பட்டது. அவர் பொய்க்காரர் என்று தோன்றவே இல்லை. அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பாவாடை நனைந்துவிட்டது.

தம்பியின் பேர் வந்தது.

"ஐயா, அவன் செத்துட்டான்யா" என்றாள் அம்மா.

தொப்பிக்காரர் தலை நிமிரவில்லை. விரலை எச்சில் தொட்டு ஒரு தாளைப் புரட்டினார். "தெரியும்மா. இந்தப் பேருக்கு நேரா கோடு போட்டிருக்கு. எடுத்தாச்சுன்னு அர்த்தம். உங்ககிட்ட காய்ச்சல்னு சொல்லியிருப்பாங்களே?"

அந்தக் காலத்தில் தோட்டத்தில் செத்த பிள்ளைகளில் காய்ச்சலில் சாகாதது எது? ஆனால் அதைக் கேட்டதும் அம்மா அப்படியே உட்கார்ந்துவிட்டாள். சுற்றி நின்றவர்களுக்கு அதற்குமேல் சாட்சி வேண்டியிருக்கவில்லை. செத்த பிள்ளையின் பேர்கூட இருக்கிறதே!

பேரை அடிக்க வழி உண்டு என்றார். பிள்ளைக்குப் பதிலாகப் பெற்றவள் உடம்பில் கிடந்த பொன்னோ வெள்ளியோ கடலில் போட வேண்டும். கல் அதை ஏற்றுக்கொள்ளும். மூக்குத்தி, தோடு, குழந்தைகளின் அரைஞாண், கால் கொலுசு எல்லாம் கழன்று வந்தன. ஒவ்வொன்றையும் துணியில் முடிந்து வைத்துக்கொண்டு, சிவப்புப் பென்சிலால் ஒரு பேரின்மேல் கோடு இழுத்து, புத்தகத்தைத் திருப்பிக் காட்டினார். எழுத்து தெரியாதவர்கள் அந்தக் கோட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். அம்மா தோட்டைக் கழற்றும்போது திருகு சிக்கிக் காதில் ரத்தம் வந்தது. அவள் துடைக்கவில்லை.

எல்லாம் முடிந்த பிறகு தொப்பிக்காரர் பெருமூச்சு விட்டார். "எல்லாப் பேரையும் அடிச்சுட்டா மேல சந்தேகம் வரும். ஒண்ணாவது நிக்கணும். கேக்க ஆளில்லாத பேரு எதாச்சும் இருக்கா?"

யாரும் யாரையும் பார்க்கவில்லை. கங்காணிதான் சொன்னார். "ஆயாக்கொட்டாய்ல ஒண்ணு இருக்கு."

"அடுத்த ஞாயிறு வந்து கூட்டிட்டுப் போறேன். பிள்ளைக்கு ஒண்ணும் சொல்லாதீங்க, பயந்துடும். வெளிய மூச்சு விட்டா அடிச்ச பேரெல்லாம் திரும்ப எழுந்துடும்" என்றார் தொப்பிக்காரர்.

அவள் அப்போது கொட்டகையில் தொட்டில் ஆட்டிக்கொண்டிருந்தாள்.

அந்த ஒரு வாரம் ஊரே அவளிடம் பாசமாகிவிட்டது. ஒரு வீட்டில் முட்டை அவித்துக் கொடுத்தார்கள். ஒரு வீட்டில் தலைக்கு எண்ணெய் வைத்துச் சீவிவிட்டார்கள். கங்காணியின் மனைவி தன் மகளின் பச்சைப் பாவாடையைக் கொடுத்தாள். சிங்கப்பூரில் ஒரு பெரிய வீட்டில் அவளை வளர்க்கப்போகிறார்கள் என்று சொல்லி வைத்திருந்தார்கள்.

"எனக்கு எல்லாரும் முட்டை தராங்க. நீயும் வரியா சிங்கப்பூருக்கு?" என்று என்னைக் கேட்டாள். அவள் வாயில் மஞ்சள் கரு ஒட்டியிருந்தது. நான் ஓடிப்போய் லயத்துக்கு அடியில் படுத்துக்கொண்டேன். அன்றைக்குச் சாலையில் யாரும் வரவில்லை.

அங்கே படுத்துக்கொண்டுதான் யோசித்தேன். ஒன்பது வயதுப் பிள்ளைக்கு எவ்வளவு அறிவு இருக்குமோ அவ்வளவுதான். தம்பி செத்தது மழையில். நான் வளையல்காரரிடம் அவன் பேரைச் சொன்னது மழையெல்லாம் நின்று, மரம் இலை உதிர்த்துத் துளிர்த்த பிறகு. நான் சொல்லித்தான் பேர் புத்தகத்துக்குப் போனது என்றால், அதற்கு முன்னாலேயே அவனை எப்படி எடுத்திருக்க முடியும்? திரும்பத் திரும்ப விரல்விட்டுப் பார்த்தேன். அந்த ஆள் பொய் சொல்கிறார்.

வெள்ளிக்கிழமை அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்து கருவாடு சுட்டுக்கொண்டிருந்தாள். அடிப்பாள் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. என் வாயைப் பொத்தினாள். கருவாட்டு நாற்றமடித்த கை. மூச்சு முட்டும்வரை எடுக்கவில்லை.

"அவன எடுத்துட்டாங்கன்னு அவரு சொன்னாரா இல்லியா? நீ கேட்டியா இல்லியா? எடுத்துட்டாங்க. சும்மா இரு" என்றாள்.

தம்பி போனதிலிருந்து அம்மா சரியாகச் சாப்பிட்டதில்லை. தலை வாரியதில்லை. தொப்பிக்காரர் வந்துபோன பிறகு அந்த வாரம்தான் அவள் தலைக்குக் குளித்தாள், இரண்டு வேளை சோறு தின்றாள், பக்கத்து வீட்டுக்காரியோடு உட்கார்ந்து பேசினாள். ஏன் என்று அன்றைக்கு எனக்குத் தெரியவில்லை. எனக்கும் பிள்ளைகள் பிறந்து, அவர்களுக்குக் காய்ச்சல் வந்தபோதுதான் தெரிந்தது. நம்மை ஏமாற்றுகிறவன் நமக்கு வேண்டியதை அல்லவா கொண்டுவருகிறான்! அம்மாவிடம் மட்டும் அவன் வாங்கவும் செய்தான், கொடுக்கவும் செய்தான்.

ஞாயிற்றுக்கிழமை வெயில் ஏறியதும் கூண்டு வண்டி ஒன்று சாலை முனையில் வந்து நின்றது. தொப்பிக்காரர் இறங்கி நடந்து வந்தார். பச்சைப் பாவாடை, தலையில் பூ, நெற்றியில் பொட்டு, அவளை அப்படி நான் பார்த்ததே இல்லை. சிரித்துக்கொண்டுதான் நின்றாள். ஆயா திடீரென்று ஓவென்று அழுதுவிட்டாள். அவள் ஆயாவைப் பார்த்தாள். எங்கள் எல்லாருடைய முகத்தையும் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். புரிந்துவிட்டது. எங்களோடு சேர்ந்து மண்ணில் குப்புறப் படுத்தவள்தானே!

கத்தவில்லை. கொட்டகைத் தூணைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். கங்காணி வந்து அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தார். ஒன்றைப் பிரித்தால் மற்றொன்று பிடித்துக்கொள்ளும். நாற்பது ஐம்பது பேர் பார்த்துக்கொண்டு நின்றோம். அந்த ஆள் பொய்க்காரர் என்று நான் சொல்லியிருக்கலாம். சொன்னால் பேர் கொடுத்தவள் நான் என்று தெரிந்துவிடும், அவளை விட்டுவிட்டு என்னை ஏற்றிவிடுவார்கள் என்று பயம். ஆமாம், அந்த நேரத்திலும் எனக்கு என் தலைதான் பெரிதாக இருந்தது.

"விடுங்க அவள" என்று ஒரு குரல் கேட்டது. அம்மா.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய்த் தூணுக்குப் பக்கத்தில் நின்றாள். "என் பிள்ளைய யாரும் எடுக்கல. அன்னிக்குக் காலையில அவன் உடம்பு அனலாக் கொதிச்சுது. ஒரு நாள் பேரு போயிடுமேன்னு தூக்கிட்டு வந்து இங்க விட்டுட்டுப் பால் வெட்டப் போனேன். பாலெடுத்து வரதுக்குள்ள போயிட்டான். நான்தான் விட்டுட்டுப் போனேன்."

"அம்மா, துக்கத்துல பேசுறீங்க. புத்தகத்துல..." என்று தொடங்கினார் தொப்பிக்காரர்.

"புத்தகத்துல எப்படி வந்துச்சுன்னு எனக்குத் தெரியும். வளையக்காரன்கிட்ட நான்தான் சொன்னேன். எல்லாப் பிள்ளைங்க பேரையும் நான்தான் சொன்னேன். செத்தவன் பேரையும் சேத்துச் சொன்னேன். இந்தப் பொண்ணுக்கு ஆளில்லன்னு சொன்னதும் நான்தான்."

என் பக்கம் அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

ஆயா அழுகையை நிறுத்திவிட்டு, "ஆமாய்யா, அன்னிக்கு அந்தப் புள்ள காய்ச்சலோடதான் வந்துச்சு. நான்தான் ஈரத்துணி போட்டேன்" என்றாள். கங்காணியின் கை தளர்ந்தது. அவர் உண்மையில் நம்பினாரா, அந்த ஆளோடு சேர்ந்தவரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. தொப்பிக்காரர் லேசாகச் சிரித்தார். புத்தகத்தைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு திரும்பி நடந்தார். நடை சீக்கிரமே ஓட்டமானது. நாலைந்து ஆண்கள் துரத்தினார்கள். வண்டி கிளம்பும்போது கூண்டுக்குள் வளையல்காரர் உட்கார்ந்திருந்ததைப் பார்த்ததாக அவர்கள் திரும்பி வந்து சொன்னார்கள். மூக்குத்தியும் தோடும் போனது போனதுதான். போலீசில் சொல்லலாம் என்று ஒருவர் சொன்னார். போய்ச் சொன்னால் பெண்ணைக் கொடுக்க இருந்ததையும் சொல்ல வேண்டும். யாரும் போகவில்லை.

நகையை இழந்த பெண்களுக்குத் திட்டுவதற்கு ஒருத்தி கிடைத்துவிட்டாள். பேர் கொடுத்தவள், பிள்ளையைச் சாகவிட்டவள் என்று கிணற்றடியில் அம்மா காதுபடவே பேசினார்கள். அடுத்த மாதம் வந்த அப்பா அவளை அடித்தார். நான் கதவுக்குப் பின்னால் நின்றேன். அம்மா ஒரு வார்த்தை சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

ஆயாக்கொட்டாய்ப் பெண்ணை அந்த ஞாயிறன்றே அம்மா எங்கள் வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டாள். அன்று சாயங்காலம் அவளும் நானும் வாசற்படியில் உட்கார்ந்திருந்தோம். அவள் விரல்கள் வீங்கியிருந்தன.

"எனக்கு யாருமில்லேன்னு ஒங்க அம்மாதான் சொன்னாங்களா?" என்று கேட்டாள்.

நான் அவள் முகத்தைப் பார்த்தேன். "ஆமா" என்றேன்.

கலியாணமாகி, பத்து பாகாட் என்ற ஊருக்குப் போகும்வரை ஏழு வருஷம் அவள் எங்களோடு இருந்தாள். அம்மா சோறு போட்டு நீட்டினால் வாங்கமாட்டாள், தலை குனிந்து உட்கார்ந்திருப்பாள். அம்மா தட்டை என்னிடம் தருவாள். நான் கொடுத்தால் வாங்கிச் சாப்பிடுவாள்.